மாப்பிள்ளை முன்னால் ஊதுவது

என் மனைவி நுரையீரல் ஆராய்ச்சியாளர். நான் ஜட்டிக்கு எலாஸ்டிக் செய்கிறவன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலாவதற்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இரண்டாவதற்குச் சிரித்துவிடுவார்கள். அதனால் கல்யாண வீடுகளில் 'கார்மெண்ட்ஸ் ஆக்சஸரீஸ்' என்று சொல்லிக்கொள்கிறேன். வேலம்பாளையத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் யூனிட் இருக்கிறது. நான் பார்த்திராத, பார்க்கப்போவதுமில்லாத நாடுகளில், முகம் தெரியாத மனிதர்களின் மானம் என் சரக்கை நம்பி நிற்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாது என்பதுதான் சங்கடம்.

கல்யாணமான புதிதில், எங்கள் இருவருடைய தொழிலும் ஒன்றுதான் என்று அவளிடம் நிறுவப் பார்த்தேன்.

"நீயும் இழுத்தா விரிஞ்சு, விட்டாச் சுருங்கற சாமானத்தப் பத்தித்தானே படிக்கறே? எலாஸ்டிக் தளர்ந்துபோச்சுன்னா மூச்சு வாங்கும். அவ்வளவுதானே?"

"தளர்றது வேற சீக்குங்க," என்றாள். "நான் பாக்கறது இறுகறது."

அதோடு நான் அடங்கியிருக்கலாம். ஆனால் படிப்பில் ஆசை உள்ளவன், புத்தக அலமாரி வைத்திருக்கிறவன், எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். கேட்டுக்கேட்டு, அவளுடைய ஆராய்ச்சியை என் பாஷையில் இப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். நுரையீரலில் ஏதோ ஒரு காயம் படுகிறது. காயத்தைத் தைக்க உடம்புக்குள்ளேயே தையல்காரர்கள் இருக்கிறார்கள். வருகிறார்கள், தைக்கிறார்கள், தழும்பு விழுகிறது, போய்விடுகிறார்கள். சில பேருக்கு மட்டும் அந்தத் தையல்காரர்கள் போவதில்லை. ஆர்டர் முடிந்து, ஷிப்மெண்ட் கப்பல் ஏறின பிறகும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தழும்பு மேல் தழும்பு. பனியன் துணி மாதிரி இழுபட வேண்டிய நுரையீரல், காலர் துணி மாதிரி விறைத்துப் போகிறது. அந்தத் தையல்காரர்களிடம் 'ஷிஃப்ட் முடிஞ்சுதுங்க, ஊட்டுக்குப் போங்க' என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். கோவையில் ஒரு ஆராய்ச்சி மையத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைத்தான் அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். மொழிபெயர்ப்பைக் காட்டியபோது, "பரவாயில்லீங்க, முக்காவாசி தப்பு," என்றாள். எலாஸ்டிக்காரனுக்குக் கால்வாசி சரி என்பது பெரிய மதிப்பெண்.

ஆய்வகத்தில் தேடுவது ஒரு பாதி. இன்னொரு பாதி, இந்த வட்டாரத்தில் நுரையீரல் தழும்பு உள்ளவர்களைக் கூப்பிட்டு, வருஷத்தில் சில தடவை மூச்சை அளந்து, யாருக்கு எவ்வளவு வேகத்தில் இறுகுகிறது என்று பார்ப்பது. எங்கள் ஊரில் யார் இருமினாலும் பஞ்சுத் தூசு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அது அவளுக்குப் பிடிக்காது. பஞ்சும் இருக்கலாம், புறா எச்சம் மாதிரி வேறும் இருக்கலாம் என்பாள். வருகிறவர்களிடம் வீட்டில் புறா உண்டா, கோழி உண்டா, தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலர் உண்டா, விறகு அடுப்பு உண்டா என்று விசாரிப்பாள். ஒரு தடவை ஒரு பெரியவர், பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற குரலில், "புறா இல்லீங்க, ஆனா சொந்த ஊடுங்க" என்று பதில் சொன்னாராம்.

இதெல்லாம் ஊரார் நோய். எங்கள் வீட்டுக்குள் அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாமளாபுரத்தில்.

சாமளாபுரத்தில் என் மாமனார் வீடு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். வயதானதும் தறிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். தறிகளைத்தான் விட்டார், அதிகாரத்தை விடவில்லை. எங்கே நூல் அறுந்தாலும் குடோன் வாசலில் நின்று சத்தம் போடுவார். ஆயுசெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. பக்கத்து வீதிக்காரர்களுக்கு அவர் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும். 'உப்புப் பத்தல' என்று அவர் சொன்னதை அவர்களும் கேட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எல்லாரும் சொல்லித்தான் தெரியும். நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்தால் அவர் எழுந்து நிற்பார். தோளில் கிடக்கிற துண்டு கைக்கு வரும். "வாங்க மாப்பிள்ளைங்க" என்பதை நல்ல தாளில் அச்சடித்துக் கொடுக்கிற மாதிரி சொல்வார். என் எதிரே கால்மேல் கால் போடமாட்டார், கொட்டாவி விடமாட்டார், தும்மல் வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவார். கல்யாணமாகி என் தலைமுடியெல்லாம் போய், எனக்கே மூட்டுவலி வந்த பிறகும் நான் அவருக்கு நேற்று மாலை போட்டுக்கொண்ட மாப்பிள்ளைதான். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: "மாமா, உக்காருங்க, நான் என்ன வெளியாளா?" என்று. அவர் பயந்துபோய், "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லலாமுங்களா!" என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குடோனிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அவர் நின்று தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நாளாகவே அப்படிப் பார்க்கிறார் என்று அத்தை சொன்னார். என் மாமியாரைச் சொல்கிறேன். காய்ந்த மட்டை விழுந்துவிடுமோ என்று பார்ப்பதாக நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி மட்டும் மரத்தைப் பார்க்காமல், அவருடைய தோள் வேகமாக ஏறி இறங்குவதைப் பார்த்தாள். சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, "சித்த திரும்பி உக்காருங்கப்பா," என்றாள். முதுகின் அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ரசம் நல்லா இருந்துதும்மா," என்று அத்தையிடம் சொன்னாள். அவள் ரசத்தைத் தொடவே இல்லை.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் கிடந்த என் சாம்பிள் பையைத் துழாவி, ஒரு துண்டு வெல்க்ரோவை எடுத்தாள். ஒட்டினால் ஒட்டி, பிரித்தால் சர்ரென்று பிரிகிற அந்தப் பட்டை. காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் பிரித்தாள். மறுபடி ஒட்டினாள். மறுபடி பிரித்தாள்.

"என்ன பண்றே?"

"இதேதானுங்க," என்றாள். "அப்பா முதுகுல கேட்டது."

நுரையீரல் தழும்புக்கு மருத்துவர்கள் சொல்கிற அடையாளமே அந்தச் சத்தம்தானாம். இத்தனை வருஷமாக வெல்க்ரோ விற்கிறேன், ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. வீடு வரும்வரை அவள் அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் தமாஷாக ஏதாவது வந்துவிடும் என்று எனக்கு என்மேல் பயம்.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் நுரையீரலின் அடிப்பக்கம் மெஷ் துணி போட்ட மாதிரி வலைவலையாக இருந்தது. வைத்தியம் பார்க்கிற டாக்டர் வேறொருவர். மகள் பார்க்கக் கூடாது என்பது மகளே போட்ட சட்டம். அந்த டாக்டர் பொறுமைசாலி. "ஆரம்பம்தான். இது மெதுவா இறுகற வகையா, வேகமா இறுகற வகையான்னு இப்பவே சொல்ல முடியாது. மூச்சை அளந்துக்கிட்டே வருவோம். வேகமாக் குறைஞ்சா மருந்து தொடங்கிடலாம்," என்றார். மருந்து தழும்பை அழிக்காது, வேகத்தைக் குறைக்கும். கூடவே பசியையும் கொண்டுபோகும், வயிற்றையும் கலக்கும். என் மாமனார் நோய் என்றதற்குக் கலங்கவில்லை. பசி போகும் என்றதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தறியில இருந்து வந்துதா கண்ணு?" என்று மகளிடம் கேட்டார்.

"தெரியலீங்கப்பா."

"நீ இதத்தானே சாமி படிச்சே?"

"ஆமாங்கப்பா. படிச்சதுனாலதான் தெரியலன்னு சொல்ல முடியுது."

காரணம் தெரியவில்லை என்பதற்கு மருத்துவத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் காரணம் தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். அவள் அந்தப் பெயரை அவரிடம் சொல்லவில்லை.

மூச்சை அளப்பது அவளுடைய மையத்திலேதான். அது பார்க்க எளிது. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். ஒரு அட்டைக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, வயிறு முட்ட மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் வெடிக்கிற மாதிரி ஊதி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் போகிறவரை தள்ள வேண்டும். கண் பிதுங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். எச்சில் தெறிக்கும். கல்யாண ஆல்பத்தில் வைக்கிற மாதிரியான காட்சி இல்லை. எவ்வளவு காற்று வந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு எண் சொல்லும். எப்படி வந்தது என்று ஒரு கோடு போட்டுக் காட்டும்.

முதல் தடவை கூடப் போனது அத்தை. எண் பரவாயில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. அழைத்துப்போக ஆள் வேண்டும். நான் முன்வந்தேன். முன்வந்தேன் என்பது அடக்கமான சொல், பாய்ந்தேன். வேலம்பாளையத்திலிருந்து சாமளாபுரம் போய், அவரை ஏற்றிக்கொண்டு, கோவைக்குப் போய், வாசலில் இறக்கிவிட்டு ஓடிப்போகிற மாப்பிள்ளையா நான்? அறைக்குள்ளேயே போய், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஊதவைக்கிற பெண், வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வேலைக்காகக் குடிவந்த தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண். உற்சாகமே உருவானவள். "எய்யா, நல்லா இழுங்க, இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்கய்யா! விடாதிய, விடாதிய, இன்னும் இன்னும் இன்னும்!" என்று அறையே அதிர்கிற மாதிரி கத்துவாள். நானும் சேர்ந்துகொண்டேன். "மாமா! இன்னும் வெசையா! விட்டுறாதீங்க மாமா!" கபடி மைதானம் மாதிரி இருந்தது. மாமனார் கடைக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினார். சூடான பாலை ஆற்றுகிற மாதிரி ஊதினார்.

"என்னய்யா இது, காத்து வருதா வரலியான்னே தெரியல. இன்னொரு மட்டம் ஊதுவோமா?" என்றாள் அந்தப் பெண்.

இன்னொரு முறை ஊதினார். அதே மாதிரி. இன்னொரு முறை. அச்சு அசலாக அதே மாதிரி. மூன்றும் ஒத்துப்போனால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். எண், முதல் தடவையைவிட நன்றாக இறங்கியிருந்தது.

சில மாதம் கழித்து மறுபடியும் போனோம். இந்த முறை நான் தயாராகப் போயிருந்தேன். அவர் முன்னால் குனிந்து நின்று, கையைத் தட்டி, நானே வாயைக் குவித்து ஊதிக் காட்டினேன். என் உற்சாகம் கூடக்கூட எண் இன்னும் இறங்கியது.

அன்றைக்கு வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அந்த இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அவள் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டாம், இப்படி இறங்கியவர்களைப் பற்றி அவள் வருஷக்கணக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பெயர்கள் கொஞ்ச காலத்தில் அவள் பேச்சிலிருந்து நின்றுபோகும். அடுத்த வாரம் டாக்டர் மருந்தைத் தொடங்குவதாக இருந்தார். அதோடு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"நாம ஏதாச்சும் செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ பேரு ஊட்டுல என்னக் கேட்ட கேள்விங்க இது," என்றாள். "அவங்களுக்குச் சொன்ன பதிலேதான்."

அந்தச் சனிக்கிழமை அவள் முன்னதாகவே பஸ்ஸில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை நான் காரில் போய்ச் சேர்ந்தேன். அப்போது நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். நான் அதில் ஒரு முக்கியப் பாத்திரம் என்றாலும் எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் வீட்டு வாசற்படியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பா குடோன் வாசலில் நின்று, உள்ளே தறியில் பாவு நூல் அறுந்ததைக் கவனிக்காமல் போனில் பேசிக்கொண்டிருந்த குத்தகைக்காரரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே, ஒரே மூச்சில், அவருடைய வம்சத்தையே தொட்டு. அப்போது என் கார் ஹார்ன். ஒரு வசவைப் பாதியில் வெட்டினார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. "வாங்க மாப்பிள்ளைங்க," என்றார். தறிச் சத்தத்தில் அது கேட்கவே இல்லை. உதடு அசைந்ததுதான் தெரிந்ததாம்.

நான் காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனபோது, அவள் வாயில் பேஸ்ட் நுரையோடு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அப்பாவின் மூன்று தடவைக் கோடுகளும் அடுத்தடுத்து இருந்தன.

"இங்க வாங்க. இதப் பாருங்க," என்றாள். முதல் கோடு செங்குத்தாக ஏறி, முள் மாதிரி கூராகி, சரிந்து இறங்கியது. மற்ற இரண்டும் கவிழ்த்து வைத்த வாணலி மாதிரி மொழுக்கென்று இருந்தன.

"நுரையீரல் இறுகினா மலை மாதிரி இருக்கற இந்தக் கோடு சின்னதாகும். ஆனா உச்சி கூராத்தான் இருக்கும். இப்படி மழுங்காது. நான் எண்ணயே பாத்துட்டு இருந்துட்டேன், கோட்டப் பாக்கல."

"அப்ப இது என்ன சீக்கு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பெற்றதில்லை. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இருக்கிறவர்களுக்கு அது பழக்கமாக இருக்கலாம்.

"நீங்கதானுங்க," என்றாள்.

அடுப்படியிலிருந்து அத்தை காலை இழுத்து இழுத்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மாப்பிள்ளைகிட்ட மூஞ்சியக் கோணிக்கிட்டு ஊதுவாரா உங்கொப்பன்? எங்கிட்ட அன்னிக்கே சொன்னாரு. வெசையா ஊதி, பல்செட்டு தெறிச்சு மாப்பிள்ளைங்க மேல போயி உழுந்துட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர ஊட்டுக்குக் கூப்பிடுவேன்னாரு."

"அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"இதப் போயி டாக்டருகிட்டச் சொல்லுவாங்களா கண்ணு?"

நான் சந்தோஷப்பட ஆரம்பித்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, "எனக்கு இது நெசமா இருக்கோணும்னு இருக்குதுங்க," என்றாள். "அதனாலயே எனக்கு இது மேல சந்தேகம். கூச்சமும் இருக்கலாம், சீக்கும் இறங்கியிருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். திரும்ப ஊதிப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு நீங்க ஒரு உதவி பண்ணோணும்."

"என்ன வேணாலும் சொல்லு."

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது."

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத் தான் ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்காருவது என்பது மாமனாருக்கு, மாப்பிள்ளை மேல் பல்செட் விழுவதற்குச் சற்றும் குறைவில்லாத அவமரியாதை. அவரிடம் உண்மையைச் சொல்லவும் முடியாது. 'உங்கள் மரியாதை உங்கள் நுரையீரலைக் குறைத்துக் காட்டுகிறது' என்று சொன்னால், மரியாதையில் குறை கண்டுபிடித்துவிட்டதாக வருந்துவார். புது விதி வந்திருக்கிறது என்று சொல்லலாமா என்றேன். "விதி எங்க மாப்பிள்ளைக்குமான்னு கேப்பாரு," என்றாள் மகள். கடைசியில் எனக்குச் சரக்கு வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையரிடமிருந்து அவசரமாக போன் வருவது என்று முடிவானது. "பொய் சொன்னா உங்க மூஞ்சி காட்டிக் குடுத்துரும். முதுகக் காட்டிட்டுப் பேசுங்க," என்று ஒத்திகையும் பார்க்கப்பட்டது.

மருந்து தொடங்க இருந்த நாளுக்கு முந்தின நாள் நாலு பேருமாகப் போனோம். அறை வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"நீங்க முன்னால போங்க மாப்பிள்ளைங்க."

"நீங்க போங்க மாமா."

"அதெப்படிங்க, நீங்க நிக்கறப்போ..."

போனைக் காதில் வைத்தேன். "யெஸ், யெஸ், குட் மார்னிங்," என்றேன். முதுகைக் காட்டினேன். இல்லாத பையருக்கு எலாஸ்டிக்கின் அகலம், இழுவை, சாயம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே நடந்து வெளியே வந்து, கட்டடத்தின் பின்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அந்த அறையின் வென்டிலேட்டர் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பது தற்செயல் என்று நான் சொன்னால் யாரும் நம்பவேண்டியதில்லை.

மனைவியும் உள்ளே போகவில்லை. வெளியே, கட்டடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தூத்துக்குடிப் பெண்ணும் அத்தையும் மட்டும்.

"எய்யா, மாப்பிள்ளை போயாச்சு. இன்னைக்கு ஒரு கை பாத்துருவோமா?" என்று அந்தப் பெண்ணின் குரல்.

"அவரு வெளியில வெயில்ல நிக்கறாருங்களே அம்மிணி," என்று மாமனார்.

"அவரு நெழல்லதான் நிக்கறாரு," என்றார் அத்தை. "அவரப் பத்தி உங்களுக்கு இப்ப என்ன? குடோன்ல இருந்துக்கிட்டு, காப்பி ஏன் வரலன்னு என்னயக் கூப்பிடுவீங்களே, ஏழு ஊருக்குக் கேக்கற மாதிரி. அந்தக் காத்த இதுக்குள்ள உடுங்க பாக்கலாம். எம்மேல இருக்கற கோவத்தயெல்லாம் சேத்து ஊதுங்க."

"எனக்கென்ன உம்மேல கோவம்?"

"நேத்து அந்தக் குத்தகைக்காரரு முன்னால உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொன்னேனே."

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, பஸ் நிற்கும்போது பிரேக்கிலிருந்து காற்று இறங்குமே, அப்படி ஒரு சத்தம். அதற்கு மேலே அந்தப் பெண், "அப்படித்தான்! அப்படித்தான்! விடாதிய! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, தள்ளுங்க!" என்று கூவினாள். சத்தம் மெலிந்து, இழுத்து, ஒரு விசிலாகி, பெரிய இருமலில் முடிந்தது. இருமல் நிற்க நேரமானது. நான் போனைக் காதில் வைத்தபடி, ஆங்கிலம் எல்லாம் மறந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காம்பவுண்டைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், "ஏனுங்க, கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலீங்க," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மூன்று முறை ஊதினார். நான் படிக்கட்டுப் பக்கம் வந்தபோது, அந்தப் பெண் தாளைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி தாளை வாங்கியதும், எண் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். முதலில் கோட்டைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தேன்: மூன்றும் முள் மாதிரி கூராக இருந்தன. அதைப் பார்த்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருடைய தாளைத் தயங்காமல் படித்த கை அது.

பிறகு எடுத்தாள்.

"கொறஞ்சிருக்குதுங்க," என்றாள்.

நான் தாளை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன்.

"கொஞ்சந்தான். முத தடவைக்கு இப்பக் கொஞ்சந்தான் கொறஞ்சிருக்குது." இன்னொரு முறை பார்த்தாள். "இத மெதுவான வகைன்னு சொல்லலாமுங்க. இப்போதைக்குச் சொல்லலாம்." சொல்லிவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். அந்தப் பெண் விவரம் தெரிந்தவள். "டாக்டரக்கா, உள்ள மெஷினத் தொடைக்கணும்," என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

டாக்டர் மருந்தை அப்போதைக்குத் தள்ளிவைத்தார். ஆக்சிஜன் மெஷின் பேச்சு நின்றது. நோய் போய்விடவில்லை, அவர் இன்னும் தென்னை மரத்தடியில் நிற்கத்தான் செய்கிறார். நாங்களும் மட்டையைப் பார்க்கிற மாதிரி கூட நின்றுகொள்கிறோம்.

அவளுக்கு மட்டும் வேலை கூடிப்போயிற்று. ஆராய்ச்சிக்கு வருகிற மற்றவர்கள் யார் யாரோடு வந்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். சிலரை முதலாளியே பக்கத்தில் நின்று ஊதவைத்திருக்கிறார். சிலருக்கு சூப்பர்வைசர். ஒரு அம்மாளுக்கு அவருடைய சம்பந்தி. வாணலி மாதிரி கோடு விழுந்தவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டாள். பல மாத வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அலுத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். தினமும் உற்சாகமாகக் கிளம்பிப் போனாள். ஊதுகிற அறைக்குள் கூட வந்தவர்களுக்கு இடமில்லை என்று விதி எழுதினாள். "ஊட்டம்மா வந்தா?" என்று தூத்துக்குடிப் பெண் கேட்டதற்கு, "அவங்க மட்டும் இருக்கலாம்," என்று விலக்கும் எழுதினாள். மருத்துவ ஆராய்ச்சிக்கு நான் அளித்த பங்கு, ஒரு அறையில் இல்லாமல் இருந்தது. இதைவிடக் குறைவான பங்களிப்போடு மேடையேறி மாலை வாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது, அன்றைக்குத் திரும்பி வந்ததைப் பற்றி. மாமனார் என் காரில் ஏறினால் முன்சீட்டில் விறைப்பாக, கையிரண்டையும் மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வருவார். சாய்ந்துகொள்ளுங்கள் என்றால், "இருக்கட்டுமுங்க" என்பார். அன்றைக்கு மூன்று முறை முழுசாக ஊதின களைப்பு. சூலூர் தாண்டுகிறதற்குள் தலை சாய்ந்தது. வாய் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது. சின்னக் குறட்டை இல்லை.

"மாப்பிள்ளை வண்டியில இப்படித் தூங்கறாரே," என்று பின்சீட்டிலிருந்து அத்தை பதறி, அவர் தோளைத் தட்டக் கையை நீட்டினார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் கையை விடாமல், அப்பாவின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வேகத்தடைகளில் காரை ஊர்ந்து ஏற்றி ஊர்ந்து இறக்கினேன். பின்னால் ஹார்ன் அடித்தவர்களுக்கு வழி விட்டேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவர் திடுக்கிட்டு விழித்தார். வாயைத் துடைத்தார். துண்டைத் தேடினார். என்னைப் பார்க்காமல், மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"தூங்கிட்டனுங்களா மாப்பிள்ளைங்க?"

"இல்லீங்க மாமா," என்றேன். "வெளிச்சத்துக்குச் சித்த கண்ணை மூடியிருந்தீங்க. அவ்வளவுதானுங்க."

"அப்படிங்களா," என்றார். நிம்மதியாகக் கதவைத் திறந்து இறங்கினார்.